வைஃபை வராத லினக்ஸ் கணினியும் அதற்குப் பின்னால் உள்ள கதையும்



2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. நமது நாவிதன்வெளிப் பக்கத்துப் பாடசாலைகளிலும் வீடுகளிலும் இருக்கிற பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச, திறந்த மூல இயங்குதளங்கள் நல்ல வழி. ஆனால் போட்டவர்களில் சிலர் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் வேலை செய்யுது, வைஃபை மட்டும் வருதில்ல." லினக்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டி, கணினியை மூலையில் வைத்துவிடுகிறார்கள். குறை எங்கே என்று அறிய கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

கணினிக்கும் வைஃபை சிப்புக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் ட்ரைவர். அதை எழுத வேண்டுமானால் சிப்பின் உள்விபரம் தெரிய வேண்டும். 1999 இற்குப் பிறகு வைஃபை பரவத் தொடங்கிய காலத்தில் பல கம்பனிகள் விண்டோஸுக்கு மட்டும் ட்ரைவர் கொடுத்தன. உள்விபரத்தை லினக்ஸ்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. பொருளை விற்றார்கள், அதன் மொழியைப் பூட்டி வைத்தார்கள்.

முதலில் வந்த தீர்வு ஓர் ஊன்றுகோல். 'என்டிஸ்ரேப்பர்' என்ற மென்பொருள், விண்டோஸ் ட்ரைவரையே லினக்ஸுக்குள் ஓட வைத்தது. வேலை நடந்தது. ஆனால் உள்ளே பிழை வந்தால் லினக்ஸ்காரர்களால் திருத்த முடியாது.

பிரோட்கொம் சிப்களுக்காகத் தன்னார்வலர்கள் வேறு வழி எடுத்தார்கள். ஒரு குழு கம்பனியின் ட்ரைவரை ஆராய்ந்து, சிப் எப்படி இயங்குகிறது என்று விளக்கம் எழுதியது. இன்னொரு குழு அந்த விளக்கத்தை மட்டும் பார்த்துப் புதிய ட்ரைவர் எழுதியது. பார்த்து எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டு வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பிரிவு. அந்த ட்ரைவர் 2006 இல் லினக்ஸ் கேர்னலில் சேர்ந்தது. அப்போதும் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபேர்ம்வெயாரைப் பகிர உரிமை இருக்கவில்லை. பாவனையாளரே பழைய ட்ரைவரிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

பிறகு கதவுகள் திறந்தன. இன்டெல் 2004 இலேயே தன் சென்ரினோ வைஃபைக்குத் திறந்த ட்ரைவர் கொடுத்திருந்தது. எதெரோஸ் 2008 இல் வந்தது. பிரோட்கொம் 2010 செப்டெம்பரில் தன் புதிய சிப்கள் சிலவற்றுக்குத் திறந்த ட்ரைவரை வெளியிட்டது.

இதனால் யாருக்கு நன்மை? லிங்சிஸ் கம்பனியின் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டருக்குள் லினக்ஸ் இருந்ததால், அதன் அனுமதிப்பத்திரப்படி 2003 இல் மூலநிரலை வெளியிட வேண்டி வந்தது. அதிலிருந்து 2004 இல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. வெளிப்புற வைஃபைக்கு இந்தியா அனுமதி கொடுத்ததும், 2005 பெப்ரவரியில் இமயமலைச் சாரலில் உள்ள தர்மசாலாவில், அந்த மென்பொருள் ஓடும் மலிவான ரௌட்டர்களைக் கொண்டு ஒரு கம்பியில்லா வலையமைப்பைத் தொடங்கினார்கள். அந்த மாத முடிவுக்குள்ளேயே எட்டு வளாகங்கள் இணைந்தன. பெரிய கம்பனி வந்து கேபிள் போடும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி நமது விடயத்துக்கு வருவோம்.

1. நிறுவுவதற்கு முன் பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

2. வராவிட்டால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங் மூலம் இன்டர்நெட் எடுங்கள். உபுண்டுவில் 'கூடுதல் ட்ரைவர்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள். பல கணினிகளுக்கு இது போதும்.

3. டொங்கிள் வாங்கும்போது பெட்டியில் உள்ள பெயரை நம்ப வேண்டாம். ஒரே மொடலின் வெவ்வேறு பதிப்புகளில் வெவ்வேறு சிப் இருக்கலாம். சிப்பின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதன் ட்ரைவர் கேர்னலுக்குள்ளேயே இருந்தால் செருகியதும் பெரும்பாலும் வேலை செய்யும்.

4. வெளியிலிருந்து எடுத்துப் போடும் ட்ரைவர், கேர்னல் புதுப்பிக்கும்போது நின்றுவிடும். 'டிகேஎம்எஸ்' முறையில் நிறுவினால், புதிய கேர்னலுக்கு ஏற்றபடி தானாகவே மீண்டும் தயாராகும்.

ஒரு பிள்ளை பாடம் தேடிப் படிக்க, விண்ணப்பம் நிரப்ப, பழைய கணினியே தாராளம். அது குப்பைக்குப் போவதும் பிள்ளையின் கைக்குப் போவதும் சில நேரம் ஒரு சின்ன ட்ரைவரில்தான் தங்கியிருக்கிறது. முகம் தெரியாத மனிதர்கள், பலர் சம்பளம் வாங்காமலே, எழுதிப் பகிர்ந்த அறிவு அது. கற்றுக்கொண்டவர் பக்கத்து வீட்டுக்கும் பக்கத்துப் பாடசாலைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மூலையில் கிடக்கும் கணினி யாரிடமாவது இருந்தால், வீசுவதற்கு முன் ஒரு தரம் முயன்று பாருங்கள். எந்தச் சிப் என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.