கியர் பாக்ஸின் சின்ன மூடி

என் மேஜையில் கரண்ட் பில்லும் மருந்துச் சீட்டும் பறக்காமல் இருக்க ஒரு அலுமினிய மூடியை வைத்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் ஸ்க்ரூ போகும் காது உடைந்திருக்கும். போன வாரம் பேரன் அதைக் கையில் எடுத்து, "என்ன தாத்தா இது?" என்றான். புல்லட் கியர் பாக்ஸ் மூடி என்றேன். "கியர் பாக்ஸைத் திறக்க எதுக்கு ஒரு மூடி?" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். அவன் வண்டியில் அப்படி ஒன்று கிடையாது.

மோட்டார் சைக்கிள் பிறந்தபோது மூடுவதற்கே ஒன்றும் இல்லை. 1900-களில் வந்த பல வண்டிகளில் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு நேராக ஒரு தோல் பெல்ட் ஓடும், அவ்வளவுதான். கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. வண்டியை நிறுத்தினால் எஞ்சினும் நின்றுவிடும். மறுபடி தள்ளிக்கொண்டே ஓடி ஏறி உட்கார வேண்டும். மழையில் பெல்ட் வழுக்கும். பிறகு கியர் பாக்ஸ் தனிப் பெட்டியாக வந்தது, பெல்ட் போய்ச் செயின் வந்தது. அந்தச் செயின் காலுக்குப் பக்கத்தில் திறந்தபடி, ரோட்டுப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு ஓடியது. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் ஊரில் ஜான் மார்ஸ்டன் என்பவரின் சன்பீம் கம்பெனி, தன் சைக்கிள் செயினையே எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடவிட்ட கம்பெனி. 1912-ல் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தபோது அதே யோசனையை அதிலும் வைத்தார்கள். புழுதி உள்ளே போகக்கூடாது, எண்ணெய் வெளியே வரக்கூடாது. மூடியின் முதல் வேலை இதுதான்.

எண்ணெய் வெளியே வரக்கூடாது என்பது சொல்வதற்குச் சுலபம். நார்ட்டன், ஏ.ஜே.எஸ்., மேட்ச்லெஸ் வண்டிகளில் வெகுகாலம் தகரத்தை அழுத்திச் செய்த இரண்டு தட்டுகளைச் சேர்த்து, நடுவில் ரப்பர் பட்டை வைத்துத்தான் செயினை மூடினார்கள். தகரம் கொஞ்சம் நெளிந்தால் போதும், எண்ணெய் கசியும். ஏ.ஜே.எஸ்., மேட்ச்லெஸ் ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு வார்ப்பு அலுமினிய மூடி 1958-ல்தான் வந்தது.

நமக்குத் தெரிந்த புல்லட்டுக்கு வருவோம். ரெட்டிச்சில் 1949-ல் வந்த அந்த மாடல், 1955-ல் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்ததும் நம் மெட்ராஸ் வண்டி ஆயிற்று. திருவொற்றியூர் பக்கம் போனவர்களுக்கு அந்தத் தொழிற்சாலையைத் தெரியாமல் இருக்காது. இதன் கியர் பாக்ஸ் ஆல்பியன் என்ற கம்பெனியின் அமைப்பு. எஞ்சினின் முதுகோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இடது பக்கம் செயினையும் கிளட்ச் தட்டுகளையும் மூடும் பெரிய மூடி. அதைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட்! ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் விலக்கி, அந்த ஒரு நட்டைக் கழற்றினால் மூடி முழுசாகக் கையோடு வந்துவிடும். வலது பக்கம் கியர் பாக்ஸ். அதில் கியர் லீவர், குதிகாலால் மிதித்தால் நியூட்ரலுக்கு வரும் இன்னொரு லீவர், அப்புறம் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் இந்தச் சின்ன மூடி. இதைத் திறந்தால் கிளட்சைத் தள்ளும் லீவரும் அதைச் சரிசெய்யும் ஸ்க்ரூவும் தெரியும். கிளட்ச் தேயும், அவ்வப்போது சரிசெய்ய வேண்டும், அதை வண்டிக்காரனே செய்துகொள்வான் என்று நினைத்துத்தான் அந்த மூடியை வைத்தார்கள். ரோட்டோரம் புளியமரத்தடியில் நிறுத்தி, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஸ்பேனரும் கொண்டு செய்கிற வேலை.

1978-ல் நான் செகண்ட் ஹேண்டில் ஒரு புல்லட் வாங்கினேன். திருச்சி பாலக்கரையில் ஒரு பாய் மெக்கானிக் இருந்தார். கியர் பாக்ஸில் ஆயிலையும் கிரீஸையும் கலந்து ஊற்றச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். "வெறும் ஆயில் நிக்காது தம்பி" என்பார். இந்த மூடியைத் திறக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கிளட்சைச் சரிசெய்தேன். கசியக்கூடாதே என்று ஸ்க்ரூவை இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினேன். டக் என்று ஒரு சத்தம். காது உடைந்துவிட்டது. மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். பாய் திட்டவில்லை. "இறுக்கினா கசிவு நிக்காது. பேக்கிங்தான் கசிவை நிறுத்தும்" என்று சொல்லிவிட்டு வேறு மூடி போட்டார். உடைந்ததை என் கையில் கொடுத்து, "வச்சுக்குங்க" என்றார்.

இடையில் மைசூர் ஜாவா வந்திருந்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். முட்டை மாதிரி வழவழவென்று மூடிகள். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பதை முதல்முதலில் பார்த்தபோது நம்பாதவர் யார்? பார்க்க அழகுதான். ஆனால் திறக்க வேண்டுமென்றால் சுற்றிலும் உள்ள ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இங்கிலாந்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1957-ல் ட்ரையம்ப் தன் சின்ன ட்வின் வண்டியில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரே கூட்டில் வைத்தது. பி.எஸ்.ஏ.வும் பின்னாலேயே வந்தது.

1984, 85-ல் ஜப்பானியக் கூட்டு வண்டிகள் நம் ஊரில் இறங்கின. இந்த் சுஸூகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100. மூடியின் பொருத்தம் அவ்வளவு நேர்த்தி, அடியில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. ஸ்டாண்டு போட்ட இடத்தில் அட்டைத் துண்டு வைக்கும் பழக்கம் என்னைப் போன்றவர்களுக்கு மறந்தே போனது. ஆனால் அந்த மூடிகளைப் பிடித்திருந்தது நாலு மூலைத் தலை ஸ்க்ரூ. பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை பாய் அப்போதுதான் வாங்கினார். "திறக்காதேன்னு சொல்லாம சொல்றாங்க" என்று சிரித்தார். நான் அவர் கட்சி இல்லை. காலையில் ஆபீஸ் போக வேண்டியவனுக்குக் கசியாத வண்டிதான் வேண்டும். நானும் புல்லட்டை விற்றுவிட்டு நூறு சி.சி.க்கு மாறினேன்.

கடைசியில் புல்லட்டும் மாறியது. 2010-ஐ ஒட்டி எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றும் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. மூன்றுக்கும் ஒரே ஆயில். அதற்கு முன்பே கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. தனிக் கியர் பாக்ஸ் போனதும் அதன் சின்ன மூடியும் போயிற்று.

பாய் கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். அவர் மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான்.

பேரனிடம் இத்தனையும் சொன்னேன். பாதியில் போனை எடுத்துவிடுவான் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. கீழே போய்த் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஆயில் ஊற்றும் மூடி ஒன்றுதான் கையால் திறக்க வந்தது. அதைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மூடி, கையைத் தன் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டான். அவன் அம்மா மேலேயிருந்து சத்தம் போட்டாள்.