விடிய விடிய ஒரு சைக்கிள் பந்தயம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் டேவிஸ் என்றொரு மலையூர் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேலே இருப்பதால் குளிரும் மழையும் அதிகம். நூறாண்டுகளுக்கு முன் மரக் கம்பெனிகள் அந்த மலைகள்மேல் தண்டவாளம் போட்டு, ஸ்புரூஸ் மரங்களை அடியோடு வெட்டி இறக்கின. காடு தீர்ந்ததும் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டன. ரயில் போன தடம் மட்டும் பாறையும் வேரும் சேறுமாக மிஞ்சியது. பிறகு காடு மெல்லத் திரும்பி வந்து அதன்மேல் கவிந்தது. அப்படிப்பட்ட தடங்களும் ஒற்றையடிப் பாதைகளும் நிறைந்த அந்த மலையில் 1992-இல் ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. பகலில் தொடங்கி, இரவு முழுவதும் ஓடி, மறுநாள் அதே நேரத்தில் முடிகிற பந்தயம். அந்த 24 மணி நேரமும் அணியில் யாராவது ஒருவர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெயரைச் சேர்த்து '24 ஹவர்ஸ் ஆஃப் கனேன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று பல நாடுகளில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் கூடாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிப் போகிற நெடுநேர மலை சைக்கிள் பந்தயங்களுக்கெல்லாம் தாய்வீடு அதுதான்.

மலை சைக்கிள் பந்தயம் பிறக்கும்போது அதில் குடும்பத்துக்கு இடமே இருக்கவில்லை. 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலேயுள்ள மண்சாலையில், இளைஞர்கள் சிலர் பழைய ஷ்வின் சைக்கிள்களில் மலையிலிருந்து கீழே பாய்ந்தார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்த வண்டிகளில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலுள்ள கிரீஸ் சூடேறிப் புகைந்துவிடும்; மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. நடத்தியவர் சார்லி கெல்லி. இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது இன்றுவரை பேசப்படும் சாதனை. கூட வந்த தங்கையோ அம்மாவோ மேலே நின்றால் புறப்படுவதைப் பார்க்கலாம்; கீழே நின்றால் வந்து சேர்வதைப் பார்க்கலாம். நாலரை நிமிடத்தில் அவர்களுக்கு வேலை முடிந்துவிடும்.

பிறகு வந்த 'கிராஸ் கன்ட்ரி' மலை சைக்கிள் பந்தயங்கள் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஓடின. அவற்றில் ஒரு விதி இருந்தது. வழியில் டியூப் பஞ்சரானாலும் செயின் அறுந்தாலும் ஓட்டுபவரே சரிசெய்துகொள்ள வேண்டும். வேறொருவர் கை வைத்தால் ஓட்டுபவர் பந்தயத்திலிருந்து நீக்கப்படலாம். தன் காலில் நிற்பதைக் கற்றுத்தருகிற நல்ல விதி என்று அதை மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் வீட்டார் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் என்பதையும் அதே விதிதான் முடிவு செய்தது.

நெடுநேரம் ஓடுகிற சைக்கிள் பந்தயம் இவற்றுக்கெல்லாம் முன்பே இருந்திருக்கிறது. 1878-இல் லண்டனின் இஸ்லிங்டன் வேளாண் மண்டபத்துக்குள் ஆறு நாள் பந்தயம் நடந்தது. 1891 முதல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனிலும் அது நடந்தது. தூக்கமில்லாமல் சுற்றி வந்தவர்கள் சித்தம் கலங்கும் அளவுக்குப் போனபோது, ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. பந்தயத்தை நிறுத்த மனமில்லாத நடத்துநர்கள் 1899-இல் இருவர் சேர்ந்து ஓர் அணி என்று மாற்றிக்கொண்டார்கள். இன்றும் ஒலிம்பிக்கில் இருக்கும் 'மேடிசன்' ஓட்டம் அப்படித்தான் வந்தது. ஒருவர் சுமக்க முடியாத களைப்பை இருவர் பங்கிட்டுக்கொள்வது என்ற யோசனை அப்போதே உதித்துவிட்டது. ஆனால் அதில் ஓடியவர்கள் கூலிக்கு ஓடியவர்கள். பார்த்தவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள்.

கனேன் பந்தயத்தை உருவாக்கியவர் லெயர்ட் நைட். டேவிஸ் பகுதியில் 1980-களிலேயே மலை சைக்கிள் பந்தயங்கள் நடத்தத் தொடங்கிவிட்ட அவருக்கு அந்தப் பழைய மண்டபப் பந்தயத்தைவிட வேறொன்று கண்ணில் பட்டது. பிரான்ஸின் ல மான் நகரில் 1923-இல் தொடங்கிய 24 மணி நேர கார் பந்தயம் அது. தூரத்தைக் குறித்துவிட்டு நேரத்தை அளப்பதே வழக்கம். ல மானில் நேரத்தைக் குறித்துவிட்டுத் தூரத்தை அளந்தார்கள். ஒரு காரை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் மாறி மாறி ஓட்டினார்கள். அந்த அமைப்பைத் தூக்கி வந்து, காருக்குப் பதில் சைக்கிளையும் தார்ச்சாலைக்குப் பதில் மேற்கு வர்ஜீனியாவின் சேற்றையும் வைத்தார் நைட். அவருடைய நிறுவனத்தின் பெயர் 'கிரானி கியர்'. செங்குத்தான ஏற்றத்தில் போடுகிற மிகச் சிறிய பல்சக்கரத்துக்குச் சைக்கிள்காரர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் அது.

பந்தயம் நடக்கிற விதம் எளிது. காட்டுக்குள் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற ஒரு சுற்றுப்பாதை. பல இடங்களில் அதன் நீளம் 10 மைலுக்கும் 17 மைலுக்கும் இடையில் இருக்கும். ஒரு சுற்றுக்குச் சராசரி ஆளுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சுற்றை முடித்தவர் ஆள் மாறும் கூடாரத்துக்குள் ஓடி வந்து, கையிலுள்ள குட்டித் தடியை அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் கிளம்பிப் போவார். 24 மணி நேரத்தில் எந்த அணி அதிகச் சுற்றுகள் போட்டதோ அதற்கே வெற்றி. தொடக்கமும் ல மான் பாணிதான்: முதலில் ஓட்டுகிறவர்கள் சற்றுத் தூரம் காலால் ஓடிப்போய்த் தங்கள் சைக்கிளைப் பிடிக்க வேண்டும். ல மானிலேயே அந்த ஓட்டத் தொடக்கம் 1969-ஓடு நின்றுவிட்டது. ஓடிப்போய் ஏறுகிற அவசரத்தில் ஓட்டுநர்கள் பெல்ட்டைச் சரியாகப் போடுவதில்லை என்று கண்டித்து, அந்த ஆண்டு ஜாக்கி இக்ஸ் மெதுவாக நடந்துபோய்க் காரில் ஏறினார், பந்தயத்தையும் ஜெயித்தார். கார்கள் கைவிட்ட அந்த வழக்கத்தைச் சைக்கிள்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

இந்த அமைப்புக்குள்தான் குடும்பம் நுழைந்தது. யாரும் அழைக்கவில்லை, கணக்கு அப்படி அமைந்துவிட்டது. நாலு பேர் அணியில் ஒருவர் ஒரு மணி நேரம் ஓட்டினால், மூன்று மணி நேரம் காத்திருப்பார். அந்த நேரத்தில் சாப்பிட வேண்டும், நனைந்த துணியைக் காயவைக்க வேண்டும், செயினில் ஏறிய சேற்றைக் கழுவி எண்ணெய் விட வேண்டும், கொஞ்சம் கண்ணயர வேண்டும். ஆக, பந்தயத்தின் பெரும்பகுதி காட்டுக்குள் நடப்பதில்லை, முகாமில் நடக்கிறது. முகாம் என்றால் அடுப்பு, கூடாரம், படுக்கை, தண்ணீர். அங்கே ஆள் வேண்டும். சைக்கிளில் ஏறாதவர்களுக்கும் அங்கே மெய்யான வேலை இருக்கிறது: பாட்டிலில் தண்ணீர் நிரப்புவது, சூப் காய்ச்சுவது, யார் எத்தனை மணிக்குப் போனார் என்று குறித்துவைத்து அடுத்தவரைக் கணக்காக எழுப்புவது. அதிகாலை மூன்று மணிக்கு ஓட்டுபவர் சுற்றை முடித்து வந்து நிற்கும்போது அடுத்தவர் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருப்பதுதான் இந்தப் பந்தயத்தில் பெரிய விபத்து. ஆகவே எழுப்புகிற ஆளின் பொறுப்பு ஓட்டுகிற ஆளின் பொறுப்புக்குக் குறைந்ததில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் அது ராத்திரி முழுக்கக் கடிகாரத்தைவிட்டு நகராது. குலசாமி கோயிலுக்கு வண்டி கட்டிப் போய்க் கொட்டகை போட்டு ராத்தங்குகிற குடும்பத்தில், ஆளுக்கொரு வேலை தானாகப் பிரிந்து நடப்பதைப் போன்றதுதான் இது.

நேரத்தைக் குறித்துவிட்டதில் இன்னொரு நன்மையும் உண்டு. 40 மைல் பந்தயம் என்றால் வேகமானவர் மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். மெதுவானவர் ஆறு மணி நேரம் கழித்து, ஆட்களெல்லாம் போன பிறகு தனியாக வந்து சேர்வார். 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் முடிவு ஒரே வேளையில் வருகிறது. ஐம்பத்தைந்து வயது மாமாவும் பதினைந்து வயது மருமகனும் ஒரே அணியில் இருக்கலாம். மாமா ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் அது ஒரு சுற்றுதான், அணியின் கணக்கில் சேரும். சில பந்தயங்களில் அணியினரின் வயதைக் கூட்டிப் பார்த்துப் பிரிவு வகுக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் கலந்த அணிகளுக்கும் தனிப்பிரிவு பல இடங்களில் உண்டு.

இரவு மட்டும் கொஞ்சம் தடையாக இருந்தது. 1992-இல் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டத் தக்க விளக்கு என்றால் ஹாலஜன் பல்பும், தண்ணீர் பாட்டில் அளவுக்குக் கனத்த பேட்டரியும்தான். ஒரு சுற்றுக்கு வெளிச்சம் தாங்கினால் பெரிது. திரும்பி வந்ததும் ஜெனரேட்டரில் சொருகிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். கலிஃபோர்னியாவின் நைட்ரைடர் போன்ற கம்பெனிகளுக்கு இந்தப் பந்தயங்களே சோதனைக்கூடமும் சந்தையும் ஆயின. பிறகு எல்இடியும் லித்தியம் பேட்டரியும் வந்தன. உள்ளங்கை அகல விளக்கு பாதையைப் பகலாக்கியது, விலையும் இறங்கியது. வார இறுதியில் மட்டும் சைக்கிள் தொடுகிறவர்களும் துணிந்து இரவுச் சுற்றுக்குப் போகத் தொடங்கினார்கள்.

1996-இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்பவர் கனேன் பந்தயத்துக்கு நாலு பேர் அணியாகப் பெயர் கொடுத்தார். நாலு பெயரும் அவருடையதே. எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தார். தனியாள் பிரிவு அப்போது இல்லாததால் அவர் கண்ட வழி அது. 24 மணி நேரமும் தானே ஓட்டி, பல அணிகளை முந்தினார். அதன் பிறகு தனியாள் பிரிவு வேர்விட்டு, உலக சாம்பியன் பட்டம் வரை வளர்ந்தது. கிறிஸ் ஈட்டஃப் என்பவர் அந்தப் பட்டத்தை ஆறு முறை வென்றார். 2006-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கான்யர்ஸில் ஆஸ்திரேலியாவின் கிரெய்க் கார்டனிடம் இழந்தார். '24 சோலோ' என்ற ஆவணப்படம் அந்தத் தோல்வியைக் காட்டுகிறது. அதைப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஓட்டுபவரைச் சுற்றி நிற்கிறவர்களை. தனியாளாக ஓட்டுபவருக்குத்தான் மற்றவர் கை அதிகம் தேவைப்படுகிறது. அந்த வீரம் பெரிதுதான். என்றாலும் இந்தப் பந்தயத்தின் உயிர் தொடரோட்ட அணியில்தான் இருக்கிறது என்பதே என் முடிவு.

நைட் 1995-இல் யூட்டாவின் மோவாப் பாலைநிலத்துக்கும் பந்தயத்தைக் கொண்டுபோனார். செம்பாறையும் மணலுமான 15 மைல் சுற்று. அக்டோபரில் அங்கே ஆயிரக்கணக்கானோர் முகாமிட்டார்கள். 2012-ஓடு அது நின்றது. அரிசோனாவின் டூசான் அருகே 2000-இல் தொடங்கிய 'ஓல்ட் பியூப்ளோ' பந்தயத்தில் முகாமுக்கே '24 மணி நகரம்' என்று பெயர். அங்கே கள்ளிமுள் உடம்பில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், பலர் அதைப் பிடுங்கத் தலைசீப்பு எடுத்துப் போகிறார்கள். இங்கிலாந்தில் 1998-இல் தொடங்கிய 'மவுண்டன் மேஹெம்' ஈஸ்ட்நார் கோட்டையின் மான் தோட்டத்தில் பல ஆண்டுகள் நடந்தது. ஸ்காட்லாந்தின் 'ஸ்ட்ராத்பஃபர்' ஜனவரியில் நடக்கிறது; 24 மணியில் 17 மணி இருட்டு, பாதையில் பனிக்கட்டி. அங்கேகூட வேன்களில் குடும்பத்தோடு வருகிறார்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடிய விடிய விழிக்க முடியாதவர்களுக்காக 12 மணி, 6 மணிப் பந்தயங்கள் முளைத்தன. பல இடங்களில் பிள்ளைகளுக்கென்றே முகாமைச் சுற்றி ஒரு குட்டிப் பந்தயமும் உண்டு.

எங்கேனும் இப்படியொரு பந்தயத்துக்குப் போகிற வாய்ப்புக் கிடைத்தால், முதல் முறையே தனியாளாகப் பெயர் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே நாலு பேரைத் திரட்டுங்கள். அதில் ஒருவர் மெதுவாக ஓட்டுபவராக இருக்கட்டும். சைக்கிளே ஓட்டாத ஒருவரைக் கட்டாயம் கூட்டிப்போய்க் கடிகாரத்தை அவரிடம் ஒப்படையுங்கள். மாற்று விளக்கையும் இரண்டு மடங்கு உலர்ந்த துணியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.