உற்சவர் ஏறிய வெள்ளோட்டம்: மேகக் கணிமையில் ‘பொது முன்னோட்டம்’ உருவான வரலாறு

புதுத் தேரை முதன்முதலில் வீதிக்கு இழுக்கும்போது உற்சவரை அதில் எழுந்தருளச் செய்வதில்லை. அச்சு தாங்குமா, மூலையில் திரும்புமா என்று வெறுந்தேரை ஓட்டிப் பார்ப்பதே வெள்ளோட்டம். மேகக் கணிமை நிறுவனங்கள் ‘பொது முன்னோட்டம்’ என்று அறிவிக்கும் சேவைகளை இந்தச் சொல்லால் குறிக்க முடியாது. அங்கே வாடிக்கையாளரின் தரவு முதல் நாளே தேரில் ஏறிவிடுகிறது; பல வேளைகளில் அவர் கட்டணமும் செலுத்துகிறார்.

மென்பொருளைக் குறுவட்டில் விற்ற காலத்தில் ‘பீட்டா’ என்ற சோதனைப் பதிப்புக்கு ஓர் எல்லை இருந்தது. வட்டு அச்சுக்குப் போனதும் அது முடிந்துவிடும். இணையச் சேவைக்கு அப்படியொரு நாள் இல்லை. 2004 ஏப்ரல் 1 அன்று வெளியான ஜிமெயில், 2009 ஜூலை வரை ‘பீட்டா’ என்ற ஒட்டுச்சீட்டோடே இருந்தது. அதைக் கழற்றியதற்குத் தொழில்நுட்பத்தைவிட வணிகமே காரணம்: சோதனையில் இருப்பதாகச் சொல்லும் ஒன்றை நம்பிப் பெருநிறுவனங்கள் வர மாட்டா.

கணிமையை வாடகைக்கு விடும் துறையில் இந்த நிலைக்கு வடிவம் கொடுத்தது அமேசானின் இசி2. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்த குழு உருவாக்கிய இச்சேவை, 2006 ஆகஸ்டில் வரம்புக்குட்பட்ட பீட்டாவாக வந்தது. லினக்ஸ் மட்டும், ஒரே அளவு கணினி, மணிக்கு 10 சென்ட். அன்று அதில் இல்லாதவற்றைப் பார்த்தால்தான் முன்னோட்டத்தின் இயல்பு புரியும். நிலையான ஐபி முகவரி 2008 மார்ச்சில்தான் கிடைத்தது. கணினியை நிறுத்தினாலும் அழியாத வட்டு அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. அதுவரை கணினி போனால் அதன் வட்டில் இருந்ததும் போயிற்று. வேண்டியதைத் தனியாக அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் படியெடுத்து வைப்பது பயனர் பொறுப்பு.

2008 அக்டோபர் 23 அன்று பீட்டா நீங்கியது. அன்று வாடிக்கையாளருக்குப் புதிதாகக் கிடைத்தவற்றுள் முக்கியமானது ஒரு தாள்: ஆண்டில் 99.95% நேரம் சேவை கிடைக்கும், தவறினால் கட்டணத்தில் 10% வரவு வைக்கப்படும் என்ற சேவைநிலை ஒப்பந்தம். ஆண்டுக்குச் சுமார் 4 மணி 23 நிமிடத் தடங்கலை அது அனுமதித்தது. ஆக, பீட்டா என்பது இயந்திரத்தின் பக்குவத்தைச் சொல்லும் சொல்லாக இருந்தது போய், வாக்குறுதி இன்மையைச் சொல்லும் சொல்லாகிவிட்டது என்பதே என் கணிப்பு. அதே நாளில் இசி2-இல் விண்டோஸ் கணினிகள் பீட்டாவாக அறிமுகமாயின. ஒன்று வெளியேற, அடுத்தது உள்ளே வந்துவிட்டது!

விலை பற்றிய பாடத்தைக் கற்பித்தது கூகுள் ஆப் எஞ்சின். 2008 ஏப்ரலில் 10,000 நிரலாளர்களுக்குப் பைத்தான் மொழியில் மட்டும் திறந்த இது, 2011-இல் முன்னோட்டத்தைவிட்டு வெளியேறியபோது ஒப்பந்தமும் வந்தது, புதிய கட்டண முறையும் வந்தது. செயலிநேரத்தைக் கணக்கிட்டது மாறி, நிரல் இயங்கிக் காத்திருக்கும் நேரத்துக்கும் காசு என்றானது. பழைய கணக்கை நம்பி நிரலை வடிவமைத்தவர்கள் கொதித்தனர். முன்னோட்ட விலையை நிலையான விலையாக எடுத்துக்கொண்டதுதான் அவர்கள் செய்த தவறு. ஆனால் அப்படி எடுத்துக்கொள்ள மூன்றாண்டு அவகாசம் கொடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் அசூர் 2008 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2010 பிப்ரவரியில் கட்டணச் சேவையானது. முன்னோட்டம் என்பதைச் சட்ட மொழியில் வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதில் அதன் விதிகள் நல்ல சான்று. முன்னோட்டச் சேவை குறைகளோடு உள்ளபடியே தரப்படுகிறது. சேவைநிலை ஒப்பந்தம் அதற்குப் பொருந்தாது. பாதுகாப்பு, தனியுரிமை உறுதிகள்கூடக் குறைவாகவோ வேறாகவோ இருக்கலாம். முன்னறிவிப்பின்றி மாற்றவும் நிறுத்தவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. எனவே சில வட்டாரங்களில் மட்டும் கிடைப்பதும், நிரல் இடைமுகம் மாறிப் பழைய நிரல் ஓடாமல் போவதும் முறையீட்டுக்கு உரியவை அல்ல. கற்கவும் ஒத்திகை பார்க்கவும் இது போதும். சம்பளப் பட்டியலையோ நோயாளிப் பதிவேட்டையோ இதில் ஏற்றுவது என் பார்வையில் துணிச்சல் அன்று, அலட்சியம்.

எல்லா முன்னோட்டமும் பொது வெளியீட்டில் முடிவதில்லை. நிரல் எழுதத் தெரியாதவரும் செயலி செய்யலாம் என்று 2020 ஜூனில் பீட்டாவாக வந்த அமேசான் ஹனிகோடு, 2024 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது. அதுவரை அதன் பீட்டா ஒட்டுச்சீட்டு கழன்றதே இல்லை.