கொயினா: இன்கா மலையும் நம் தோட்டங்களும்

ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வாழ்ந்து முதுமையெய்திய தமிழரிடம் கசப்புக்கு ஓர் உவமை கேட்டால், வேம்பைக் கூறுமுன் கொயினாவைக் கூறுவர். மலாய்க்காரர் அதனைக் 'கினா' என்பர். நம் தமிழாசிரியர் பலரும் கொயினாவை ஆங்கிலச் சொல்லின் சிதைவு என்று கருதி விட்டுவிடுகின்றனர். ஆங்கிலத்தின் வழியாக வந்தது உண்மையே. ஆயினும் அதன் பிறப்பிடம் இங்கிலாந்து அன்று. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்காப் பேரரசு வழங்கிய கெச்சுவா மொழியில் 'கினா' என்பது மரப்பட்டையைக் குறித்த சொல் என்று அகராதியார் கருதுவர். இசுபானியர் அதனை ஏற்றனர். டச்சுக்காரர் கினா என்றே வழங்கினர். 'கொயினாப் பட்டை' என்று நாம் சொல்லும்போது 'பட்டைப் பட்டை' என்றே சொல்லுகிறோம் போலும்!

இன்கா நாட்டிலிருந்து நமக்கு வந்த பொருள் இஃது ஒன்றேயன்று. நம் அடுக்களையில் பிரட்டலாகவும் கறியாகவும் அமரும் உருளைக்கிழங்கு அம்மலைநாட்டில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்து நீரகற்றி, வெயிலில் உலர்த்திச் 'சுன்யோ' என்னும் வற்றலாக்கினர். கெடாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் அவ்வற்றலை இன்கா அரசர் களஞ்சியங்களில் நிறைத்துவைத்துப் படைக்கும் பணியாளர்க்கும் வழங்கினர். வெயிலை மட்டுமே நம்பி வற்றலும் வடகமும் இட்ட நம்மவர்க்கு, பனியையும் சமையற்கருவியாக்கிய அத்திறம் வியப்பளிப்பதாகும்.

உணவு இன்காக்களின் கொடை என்பதில் ஐயமில்லை. மருந்தைப் பற்றி அவ்வளவு துணிந்து கூறுவதற்கில்லை. இன்கா அரசகுலத் தாய்க்குப் பிறந்த கார்சிலாசோ 1609இல் வெளியிட்ட தம் நாட்டு வரலாற்றில் சோளம், கிழங்கு, கொக்கா இலை ஆகியவற்றை விரித்துரைக்கின்றார். காய்ச்சலைத் தீர்க்கும் பட்டையைப் பற்றிப் பேசினாரல்லர். காரணம் எளிது. மலேரியா என்னும் முறைக்காய்ச்சலே ஐரோப்பியரும், அவர்கள் அடிமைகளாகக் கொணர்ந்த ஆப்பிரிக்கரும் வந்த பின்னர்தான் அங்குப் பரவிற்று என்பது இன்று அறிஞர் பலரின் கருத்து. நோயைக் கொண்டுவந்தவர் ஒரு சாரார். மருந்து நின்ற காடு மற்றொரு சாராருடையது.

பெயர் சூட்டலோ மூன்றாமவர்க்குப் போயிற்று. பெரு நாட்டு இராசப்பிரதிநிதியான சிஞ்சோன் பிரபுவின் மனைவி இப்பட்டையால் பிழைத்தாள் என்றொரு கதை 1663இல் அச்சேறியது. அதனை நம்பிய லின்னேயஸ் 1742இல் மரத்திற்குச் 'சின்கோனா' என்று பெயரிட்டார். அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். 1941இல் ஹாகிஸ் என்னும் ஆய்வாளர் பழைய ஆவணங்களைப் புரட்டினார். பிரபுவின் முதல் மனைவி அவர் பெருவுக்குப் புறப்படுமுன்னரே இறந்தவர். இரண்டாம் மனைவிக்கு அக்காய்ச்சல் கண்டதற்குச் சான்றில்லை. உண்ணாத மருந்துக்கு ஒரு சீமாட்டியின் பெயர் நிலைத்துவிட்டது. பெரு நாடு மட்டும் 1825 முதல் தன் அரசுச் சின்னத்தில் அம்மரத்தையே பொறித்து வைத்திருக்கிறது.

1820இல் பாரிசு நகரத்துப் பெல்லெத்தியேவும் காவெந்துவும் பட்டையின் சத்தைப் பிரித்தெடுத்தபின் அதன் தேவை பெருகிற்று. வெப்ப நாடுகளை ஆளவந்தோர்க்கு அது துப்பாக்கி மருந்தினும் இன்றியமையாததாயிற்று. 1860இல் இந்திய அரசின் சார்பில் மார்க்கம் பெருவுக்குச் சென்று கன்றுகள் திரட்டினார். அவை பிழைக்கவில்லை. எக்குவடோர் நாட்டில் சிம்பொராசோ மலைச்சரிவில் ஸ்ப்ரூஸ் சேர்த்த செம்பட்டை இனத்து விதைகளும் கன்றுகளுமே தமிழ்நாட்டு நீலமலையில் வேரூன்றின. முகில் தவழும் ஆண்டிஸ் சரிவுகளை ஒத்த குளிரும் ஈரமும் அங்கு வாய்த்திருந்தன. உதகை அரசுத் தோட்டத்து மக்கைவர் பொறுப்பேற்க, தொட்டபெட்டாவிலும், ஏறத்தாழ 6,000 அடி உயரத்து நடுவட்டத்திலும் காடு திருத்தப்பட்டது.

திருத்தியவர் யாவர்? இங்குதான் மலையா நாட்டார் நிமிர்ந்து உட்கார வேண்டும். நீரிணைக் குடியேற்றங்களில், அதாவது சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கில், சிறையிடம் போதாமையால் சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரே நடுவட்டத்துச் சிறையில் அடைக்கப்பட்டுக் கொயினாத் தோட்டத்தில் உழைத்தனர். இந்தியக் கைதிகள் கப்பலேறிச் சிங்கப்பூரில் சாலையும் தேவாலயமும் எழுப்பிய அதே நூற்றாண்டில், எதிர்த்திசையில் இவர்கள் சென்றனர். விடுதலையானவருள் சிலர் ஊர் திரும்பாமல், நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தமிழ்ப் பெண்களை மணந்து காப்பி பயிரிட்டு வாழ்ந்ததைத் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்துள்ளார். நம் பள்ளி வரலாற்றுப் பாடங்களில் இச்செய்தி இடம்பெறாதது குறையே.

இனி ஜொகூருக்கு வருவோம். 1909இல் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதை நெடுகக் காடு அழிந்தது, ரப்பர் எழுந்தது. மலேரியாவைப் பரப்பும் கொசுவகை ஒன்று, அடர்ந்த காட்டு நிழலில் பெருகுவதன்று. மரத்தை வெட்டி வெயில் படவிட்ட மலையோடைத் தெளிநீரில் பெருகுவது. இதனைச் சிலாங்கூரில் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் ஆய்ந்து காட்டினார். காட்டின் கொடுமை என்று அக்காலத்தார் சொன்ன காய்ச்சல், பெரும்பாலும் காட்டை அழித்ததன் விளைவே. அழித்த இடத்தில் நட்ட ரப்பரும் தென்னமெரிக்க மரம். விளைந்த காய்ச்சலுக்குப் பிரட்டுக்களத்தில் கொடுத்த கொயினாவும் தென்னமெரிக்க மரம். இடையில் நின்று நடுங்கியவர் தமிழர்.

நீலமலையின் செம்பட்டையில் கொயினாச் சத்துக் குறைவு. அதனினும் பன்மடங்கு சத்துடைய இனத்தின் விதையைப் பொலிவியாவில் 1865இல் திரட்டியவர் மனுவேல் இன்க்ரா மாமானி என்னும் மலைக்குடிமகன். அவர் தம் முதலாளியான லெட்ஜரிடம் கொடுக்க, ஆங்கிலேயர் வேண்டாமென்ற விதையை டச்சு அரசு வாங்கி ஜாவாவில் விதைத்தது. மரம் லெட்ஜர் பெயரைப் பெற்றது. மாமானி மீண்டும் விதை தேடப் போய்ப் பிடிபட்டுச் சிறையில் அடியுண்டு, வெளிவந்த சின்னாளில் மாண்டார். இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த ஜாவாவிலிருந்தே சென்றது.

1942 சனவரி இறுதியில் ஜொகூரும், மார்ச்சில் ஜாவாவும் சப்பானியர் கைப்பட்டன. உலகின் கொயினாக் களஞ்சியம் முழுதும் அவர்கள் வசமாயிற்று. அதே சப்பானியப் படைதான் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம்–பர்மா இரயில் பாதை போட அழைத்துச் சென்றது. 1943 அக்டோபரில் பாதை இணையுமுன் அவர்களில் எண்ணற்றோர் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் மடிந்தனர். கொயினா இல்லாமற் போனதால் மடிந்தனர் என்று சொல்வது பொருந்தாது. இருந்த கொயினா அவர்களுக்கு வரவில்லை.

போருக்குப்பின் குளோரோகுயின் முதலிய செயற்கை மருந்துகள் வந்தன. பட்டையின் காலம் ஒடுங்கிற்று. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் காணப்படவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் வகை மட்டும் காட்டோரங்களில் நீடிக்கிறது. நடுவட்டத்துச் சரிவுகளில் இன்று தேயிலை விளைகிறது. வால்பாறையை அடுத்து அரசினர் கொயினா பயிரிட்ட மலையிலும் தேயிலையே. அவ்வூருக்கு மட்டும் சின்கோனா என்றே பெயர்.