இருபத்தொன்றா, இருபதா? - இரு அகலக்கோண வில்லைகளின் வரலாறு



பள்ளி நிழற்படக் கழகத்திற்கு வில்லை வாங்க முற்படும் ஆசிரிய நண்பர்கள், "ஒரு மில்லிமீட்டர்தானே வேறுபாடு, விலை குறைந்ததை வாங்கினால் என்ன?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அவ்வினாவிற்குப் பழைய நிக்கோன் வில்லைகள் இரண்டு நல்ல விடை தருகின்றன.

1959-ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கோன் எஃப் கேமராவில், வில்லைவழி வரும் ஒளியை ஒரு சாய்ந்த கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். அக்கண்ணாடி எழுந்து தாழ இடம் வேண்டும். ஆகவே வில்லை பொருந்தும் வளையத்திற்கும் படச்சுருளுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம் வைத்தனர். சிக்கல் இங்கேதான் தொடங்கியது. 21 மி.மீ. குவியத்தூரம் கொண்ட எளிய வில்லை படச்சுருளை நெருங்கி நின்றால்தான் படம் தெளியும்.

அவ்வாண்டே வந்த 21 மி.மீ. எஃப்/4 வில்லையின் பின்பகுதி கேமராவின் வயிற்றுக்குள்ளேயே புகுந்தது. கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டே அதனைப் பொருத்த இயலும். பூட்டினால் பார்வைச் சாளரம் இருண்டுவிடும். எனவே தனியானதொரு சிறு பார்வைக்கருவியை மேலே செருகி, குத்துமதிப்பாகப் படமெடுத்தனர். ஆயினும் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமச்சீரான அமைப்பாதலால் நேர்கோடுகள் நேராகவே விழுந்தன. மூலைகள் மட்டும் சற்றே இருண்டன.

மாற்றுவழி முன்னரே இருந்தது. பிரான்சின் பியேர் ஆஞ்ஜேனியு 1950-இல் 'ரெட்ரோஃபோகஸ்' என்னும் 35 மி.மீ. வில்லையை வெளியிட்டிருந்தார். முன்னால் ஒளியை விரிக்கும் குழிவில்லை, பின்னால் குவிக்கும் வில்லைத் தொகுதி. இதனால் குவியத்தூரம் குறுகியிருந்தும் பிம்பம் பின்னால் தள்ளி விழும். கண்ணாடிக்கும் இடம் கிடைக்கும். 1960-களின் பிற்பகுதியில் நிக்கோன் இம்முறையில் 20 மி.மீ. எஃப்/3.5 வில்லையைச் செய்தது.

பழைய வில்லையின் பெயரில் 'ஓ', புதியதில் 'யூடி' என்ற எழுத்துகள் இருக்கும். இலத்தீனில் 'ஆக்டோ' எட்டு, 'உன்டெசிம்' பதினொன்று. உள்ளிருக்கும் கண்ணாடித் துண்டுகளின் எண்ணிக்கையே அது. (மாணவர்களுக்குச் சொன்னால் மறக்கமாட்டார்கள்!) முன்புற வடிகண்ணாடியின் அளவும் 52 மி.மீ.-இலிருந்து 72 மி.மீ. ஆயிற்று. காட்சிக் கோணமோ 92 பாகையிலிருந்து 94 பாகை. இரண்டே பாகை மிகுதி.

கட்டடம் எடுப்பவருக்கு முன்னதும், ஓடியாடும் பிள்ளைகளை எடுப்பவருக்குப் பின்னதும் பொருந்தும் என்பது என் கருத்து. வகுப்புக் குழுப்படத்தில் ஓரத்துப் பிள்ளையின் முகம் அகன்று தெரிவதை மட்டும் இரண்டுமே தடுக்கமாட்டா. அது வடிவியலின் விளைவு. விலை உயர்ந்த வில்லையும் அதற்கு மருந்தன்று. சற்றுப் பின்னால் நகர்ந்து, ஓரங்களைக் காலியாக விடுவதே வழி.

2018-இல் வந்த நிக்கோன் இசட் வகையில் கண்ணாடியே இல்லை. தூரம் 16 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது. எனினும் மின்னணு உணரி சாய்ந்து விழும் ஒளியை விரும்புவதில்லை. ஆகையால் அகலக்கோண வில்லைகள் பழைய 21 போலச் சிறுத்துவிடவில்லை. வாங்குமுன் ஓடு பதித்த சுவரொன்றை இரு வில்லைகளாலும் எடுத்து, ஓரக்கோடுகளையும் மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.