மனைவி பெயருக்கு ஒரு கட்டம்

ருவாண்டாவில் சட்டப்படி மணமான ஒரு விவசாயத் தம்பதியின் நிலப்பத்திரத்தைப் பிரித்தால் கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்கும், பெரும்பாலும் ஆளுக்குப் பாதி என்று. இந்த நூற்றாண்டு பிறந்தபோது அந்த நாட்டுக் கிராமங்களில் இப்படி ஒரு காகிதமே கிடையாது.

வழக்கப்படி நிலம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகன் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போகும்போது அப்பன் பிரித்துக் கொடுக்கும் நிலத்துக்கு ‘உமுனானி’ என்று பெயர். மகளுக்கு அது இல்லை. 1994 இனப்படுகொலை நூறு நாளில் லட்சக்கணக்கான உயிர்களைத் தின்றது. கணவனும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை என்று நின்ற பெண்களை, அவர்கள் உழுதுகொண்டிருந்த நிலத்திலிருந்தே கணவன் வீட்டு உறவினர் கிளப்பப் பார்த்தார்கள். மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்ற சட்டம் 1999இல் வந்ததற்கு இந்த நெருக்கடி ஒரு பெரிய காரணம். ஆனால் எந்த நிலம் யாருடையது என்றே எழுதி வைக்காத ஊரில் எதில் பங்கு கேட்பது?

2005 நிலச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. செலவின் பெரும்பகுதிக்கு பிரிட்டிஷ் அரசின் உதவி நிதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம், ஸ்வீடன், நெதர்லாந்து பணமும் சேர்ந்தது. சர்வேயரை வைத்துச் சங்கிலி பிடித்து அளந்திருந்தால் ஒரு தலைமுறையே போதாது. அதனால் வானிலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக அச்சடித்து ஊருக்கே கொண்டுபோனார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். நிலக்காரர் வரப்போரம் நடக்க, பக்கத்து நிலக்காரர்கள் கூடவே நடந்து ‘ஆமாம், இதுதான் எல்லை’ என்று சொல்ல, பயிற்சி பெற்றவர் படத்தின்மேல் பேனாவால் கோடு இழுப்பார். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், கையோடு ஒரு ரசீது. தகராறு என்றால் ‘அபுன்சி’ எனப்படும் ஊர் மத்தியஸ்தர்களிடம் போகும். பத்திரத்துக்கு மக்கள் கட்டியது துண்டுக்கு 1,000 ருவாண்டா பிராங்க்.

எல்லையைக் காட்டியது படம்தான். பெண்ணுக்கு நிலம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்தது என்னவோ படிவத்தில் மனைவி பெயருக்கு இருந்த ஒரு கட்டம்தான்.

முதலில் சில ஊர்ப் பிரிவுகளில் மட்டும் சோதித்துப் பார்த்தார்கள். பின்னால் உலக வங்கி ஆய்வாளர்கள் அந்த இடங்களை ஆராய்ந்தபோது, சட்டப்படி பதிவுத் திருமணம் செய்த பெண்களின் நில உரிமை கூடியிருந்தது. தேவாலயத்தில் மணமானவர்கள், ஊர் வழக்கப்படி சேர்ந்து வாழ்பவர்கள் நிலைமை வேறு. தம்பதிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் இவர்கள். திருமணச் சான்றிதழ் இல்லாததால், இருந்த கொஞ்சநஞ்ச உரிமையும் இந்தப் பெண்களுக்குக் குறைந்துபோனது. பெண்களுக்கும் உரிமை தர வந்த திட்டம்தான் இதைச் செய்தது. நல்லவேளை, நாடு முழுக்கப் போவதற்கு முன்பே தெரிந்தது, பதிவுமுறையைத் திருத்தினார்கள். சான்றிதழ் இல்லாதவள் பெயரையும் எழுதலாம் என்று ஆனது. எழுதுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அந்த ஆணின் சம்மதத்தில்தான் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

2009இல் தொடங்கி நாலைந்து ஆண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள் பதிவாயின. உதவி கொடுத்த நாடுகள் பெருமையோடு சொன்ன கணக்கு இது, பெருமைப்படக்கூடிய கணக்கும்தான்.

ஆனால் பத்திரங்கள் வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்த 2013இலேயே புதிய நிலச் சட்டம் ஒன்று வந்தது. பிரித்தால் 1 ஹெக்டேருக்குக் கீழே போகும் விவசாய நிலத்தைப் பிரிக்கக் கூடாது என்றது. அங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு மொத்த நிலமே அவ்வளவு இல்லை. நிலம் தூள்தூளாகச் சிதறக் கூடாது என்ற கவலை நியாயமானது. அதற்கு விலை கொடுத்தவர்கள் இளைஞர்கள். அப்பன் மகனுக்கும் மகளுக்கும் வாய்வார்த்தையாகப் பங்கு பிரித்துக் கொடுத்தார். பதிவேடு அதை ஏற்கவில்லை. உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே பத்திரத்தில் கூட்டாகப் பெயர் எழுதிக்கொள்ளலாம், அல்லது எழுதாமலே உழலாம் என்பதே அப்போதைய நிலை. பல வீடுகளில் எழுதாமலேதான் உழுதார்கள்.