பஜாஜ் சேத்தக் என்ஜினைப் பழைய பாகங்களால் மறுபடி கட்டுதல்

ஓடாமல் நின்றுபோன சேத்தக் ஸ்கூட்டரின் 145.45 சிசி இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினை முழுக்கப் பிரித்து, தேய்ந்தவற்றைக் கழித்து, காயலான் கடையிலும் உடைத்த வண்டிகளிலும் கிடைக்கும் பாகங்களோடு தவிர்க்க முடியாத சில புதுப் பாகங்களையும் சேர்த்து வீட்டிலேயே பூட்டி ஓடவைப்பதே இங்கு மறுகட்டுதல் எனப்படுகிறது. இந்திய ஸ்கூட்டர்களில் இந்த வேலைக்கு மிகவும் இடம் கொடுப்பது சேத்தக்தான். வடிவமைப்பு எளிது, பாகங்கள் ஏராளம். எதை மறுபடி பயன்படுத்தலாம், எதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்று பிரித்தறிவதில்தான் இந்த வேலையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. பூட்டுவது அதற்கு அடுத்ததுதான்.

பின்னணி

இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946-ல் வெஸ்பாவை வெளியிட்டது. அதன் உரிமம் பெற்று 1960-களில் வெஸ்பா தயாரித்துவந்த பஜாஜ் ஆட்டோ, 1971-ல் உரிமம் முடிந்ததும் 1972-ல் தன் சொந்தப் பெயரில் சேத்தக்கைக் கொண்டுவந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது. வண்டியின் அடிப்படை வெஸ்பா ஸ்பிரின்ட். உற்பத்திக்கு அரசு உச்சவரம்பு விதித்திருந்த காலத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. அப்படி வந்த வண்டியை யாரும் எளிதில் விற்றுவிடவில்லை, கழித்துவிடவும் இல்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாடு இறுகியபோது இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் பின்னுக்குப் போயின. 2009 இறுதியில் ஸ்கூட்டர் தயாரிப்பை விட்டே விலகுவதாக பஜாஜ் அறிவித்தது. இப்போது சேத்தக் என்ற பெயரில் விற்பது மின்சார வண்டி. பழைய என்ஜினுக்கும் அதற்கும் ஒரு திருகுகூடப் பொருந்தாது.

சில பத்தாண்டுகள் ஒரே அடிப்படை வடிவம் பெரிதும் மாறாமல் இருந்ததால், ஒரு வண்டியின் கிளட்ச் இன்னொன்றிலும், ஒன்றின் பல்சக்கரம் மற்றொன்றிலும் உட்காரும். சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகள் இந்தப் பொருத்தத்தை நம்பித்தான் ஸ்கூட்டர் பாகங்களை விற்கின்றன. ஆனாலும் பாயிண்ட் வைத்த மேக்னெட், எலக்ட்ரானிக் இக்னிஷன், 6 வோல்ட், 12 வோல்ட் என்று மின்பகுதி மாறிவந்திருக்கிறது. மேக்னெட்டையும் அதன் காயில் தட்டையும் ஒரே வண்டியிலிருந்து சோடியாக எடுப்பதே நல்லது.

என்ஜினின் அமைப்பு

சிலிண்டரின் உள்விட்டம் 57 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரமும் 57 மி.மீ. செயின் கிடையாது. பின்சக்கரம் கியர்பெட்டியின் தண்டிலேயே நேராக உட்கார்ந்திருக்கிறது. என்ஜின், கியர்பெட்டி, பின்சக்கரத்தைத் தாங்கும் கை மூன்றும் கேசிங் எனப்படும் ஒரே அலுமினிய வார்ப்புக் கூட்டில் அடங்கும். ஒரு நீண்ட போல்ட்டும் பின் ஷாக் அப்சார்பரும் சேர்ந்துதான் இந்த முழுத் தொகுதியையும் உடலோடு பிணைக்கின்றன. பெட்ரோல் குழாய், கிளட்ச், கியர், பிரேக், ஆக்சிலரேட்டர் கேபிள்கள், ஒயர்கள் இவற்றைக் கழற்றிவிட்டால், இரண்டு பேர் சேர்ந்து என்ஜினைத் தனியே எடுத்துவிடலாம். வீட்டு முற்றத்தில் இந்த வேலை சாத்தியமாவதற்கு முதற்காரணம் இதுதான்.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோல் கலவை முதலில் பிஸ்டனுக்கு அடியில் உள்ள கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, அங்கே சற்று அழுத்தப்பட்டு, பிறகுதான் மேலே போகிறது. ஆகவே அந்த அறை காற்றுப்புகாமல் இருக்க வேண்டும். கலவை உள்ளே வரும் வழியைத் திறந்து மூட இதில் தனி வால்வு கிடையாது. கிராங்கின் ஒரு பக்கத் தட்டே சுழலும்போது அந்தத் துளையைத் திறந்தும் மூடியும் வேலை செய்கிறது. தட்டு உரசாமல், மயிரிழை இடைவெளியில் நகர்வதற்காகக் கேசிங்கின் உள்ளே வழவழப்பாகக் கடைந்த ஒரு வளைந்த திண்டு உண்டு. வாங்குபவர் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உடைந்த பேரிங்கின் துணுக்கு ஒன்று இடையில் சிக்கியிருந்தால் திண்டில் ஆழமான கீறல் விழும், அழுத்தம் அதன் வழியே கசியும். அப்படிப்பட்ட என்ஜின் எத்தனை புதுப் பாகம் போட்டாலும் சரியாக ஸ்டார்ட் ஆகாது. நகத்தை ஓட்டிப் பார்த்தால், நகம் தட்டுகிற அளவுக்குக் கீறல் இருந்தால் அந்தக் கேசிங்கை வாங்கக் கூடாது.

எதை எடுப்பது, எதை விடுவது

கேசிங்கின் இரு பாதிகளும் ஆலையில் சேர்த்து வைத்தே கடையப்பட்டவை. ஒரு வண்டியின் இடப்பாதியையும் இன்னொன்றின் வலப்பாதியையும் சேர்த்தால், போல்ட் ஓட்டை பொருந்தினாலும் பேரிங் துளைகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் என்ற உறுதி இல்லை. தண்டு இறுகும், பேரிங் விரைவில் போகும். காயலான் கடையில் ஒற்றைப் பாதி மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்கக் கூடாது.

கேசிங்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. என்ஜின் எண் அதன்மேல்தான் அடிக்கப்பட்டிருக்கும், பதிவுச் சான்றிதழில் அதுவே பதிவாகியிருக்கும். வேறு கேசிங்கைப் போட்டால் சட்டப்படி அது வேறு என்ஜின். அந்த மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும், வாங்கியதற்கான ரசீது இருக்க வேண்டும். எண்ணை அரைத்து அழித்த கேசிங் திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம், அதைத் தொடக்கூடாது. ஆகவே, கூடியவரை தன் வண்டியின் கேசிங்கையே வைத்துக்கொண்டு, உள்ளே உள்ளவற்றை மட்டும் பிற வண்டிகளிலிருந்து எடுப்பதே இந்த வேலையில் மிகச் சரியான வழி. மரை கெட்ட ஸ்டட் ஓட்டையை லேத்துப் பட்டறையில் புஷ் போட்டுச் சீராக்கலாம். உடைந்த காதை அலுமினிய வெல்டிங் தெரிந்தவர் ஒட்டித் தருவார்.

கியர் பல்சக்கரங்கள், கிளட்ச் கூடை, கிக்கர் தண்டு, சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர் உடல் ஆகியவற்றைப் பழையதாகவே வாங்கலாம். பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தால் வேண்டாம். ஓடும்போது கியர் தானாக நழுவிய வண்டியென்றால், தண்டுக்குள் நகர்ந்து பல்சக்கரங்களைப் பிடிக்கும் சிலுவை வடிவப் பாகத்தின் முனைகள் மழுங்கியிருக்கும். அது சிறியது, விலையும் குறைவு. புதிதாகவே போடலாம்.

ஆயில் சீல், பேரிங், பிஸ்டன் ரிங், பிஸ்டன் பின்னைத் தடுக்கும் லாக், பேக்கிங் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. மேக்னெட் பக்கத்துச் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று கிராங்க் அறைக்குள் நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு அதில் கலந்திருக்கும் ஆயிலும் குறையும். என்ஜின் காரணமில்லாமல் வேகமெடுக்கும், சூடேறும், ஒருநாள் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு, சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வரும். இவ்வளவு சேதத்தையும் தடுப்பது ஒரு ரப்பர் வளையம்தான்.

சிலிண்டரும் கிராங்கும்

நெடுநாள் நின்ற வண்டியில் பிஸ்டன் துருவோடு ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடிக்காமல், பிளக் துளை வழியே டீசலோ மெல்லிய எண்ணெயோ ஊற்றி ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் கனெக்டிங் ராடு வளையும். ஓட்டத்திலேயே பிடித்துக்கொண்ட என்ஜின் என்றால் பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் பூசியிருக்கும். சிலிண்டர் வார்ப்பிரும்பு. காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தைக் கரைக்கும், இரும்பை விட்டுவிடும். அந்த வேலையைத் திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது.

சுவர் தேய்ந்திருந்தால் போர் போட வேண்டும். லேத்துக்காரரிடம் சிலிண்டரோடு புதிதாகப் போடப்போகும் பெரிய பிஸ்டனையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் அவர் துளையைக் கடைவார். அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட அதிகம் விரிவதால் இடைவெளி தேவை. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைப்பது தவறு. போர் போட்டால் வண்டியின் சக்தி கூடும் என்ற நம்பிக்கையும் தவறுதான். 57-ஐ 57.4 மி.மீ. ஆக்கினால் கொள்ளளவு 147.5 சிசி ஆகும், கூடுவது இரண்டே சிசி. போரின் பயன் சீரான சுவர் மட்டுமே.

கிராங்கை வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது. இரண்டு தட்டுகளையும் அழுத்திப் பூட்டிய தொகுதி அது. ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் சிறிதும் ஆட்டம் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் மெல்லிய அசைவு இருக்கலாம். ஆட்டம் இருந்தால் ராடு கிட்டை மாற்ற பிரஸ் உள்ள பட்டறை வேண்டும். மாற்றியபின் கிராங்கின் இரு முனைகளும் கோணாமல் சுழல்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்துத் தரச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு எல்லை இதுதான், இந்த இடத்தில் பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர் என்ஜினை இரண்டாம் முறையும் பிரிப்பார்.

பூட்டும் முறை

பேரிங்கைக் கேசிங்கில் அடித்து இறக்குவது பழைய வழக்கம், ஆனால் அது துளையைக் கெடுக்கும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். 60 மி.மீ. துளையுள்ள கேசிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் துளை சுமார் 0.11 மி.மீ. அகலும். பேரிங்கை அதற்குள் ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் குளிரவைத்தால் அது தானாகவே உள்ளே இறங்கும். சீலின் உதட்டில் கிரீஸ் தடவியே தண்டைச் செலுத்த வேண்டும். பேக்கிங் பசை சிறிதும் அந்த வளைந்த திண்டின் பக்கம் வழியக் கூடாது.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் துளையை நோக்கி நிற்க வேண்டும். ரிங்கின் வாய் பிஸ்டனின் சிறு ஆணியில் பொருந்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிங் சுழன்று சிலிண்டர் துளையில் மாட்டி உடையும். காயில் தட்டைக் கழற்றும் முன்பே கேசிங்கையும் தட்டையும் சேர்த்து ஒரு கோடு கீறிவைத்திருந்தால் டைமிங் பழைய இடத்திலேயே திரும்பக் கிடைக்கும். பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ. வரை, பிளக் இடைவெளி சுமார் 0.6 மி.மீ. கார்புரேட்டரின் ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகும், ஆகவே காற்றடித்து மட்டும் சுத்தம் செய்ய வேண்டும்.

ஓடவைத்தல்

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. 2டி ஆயில் கலக்க வேண்டும். இதைக் குறைத்தால் புகை குறையும் என்று நினைத்து என்ஜினைக் கொன்றவர்கள் பலர். கியர் ஆயில் தனி. முதல் சில நூறு கி.மீ. வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால் ரிங் சுவரோடு படியும். பின்பு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை காவிப் பழுப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் எங்கோ காற்று நுழைகிறது, முதலில் மேக்னெட் பக்கத்துச் சீலையும் கார்புரேட்டர் அடிப் பேக்கிங்கையும் பார்க்க வேண்டும். கரி படிந்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். இந்தச் சோதனை முடிந்ததும் கியர் ஆயிலை ஒருமுறை மாற்றிவிட வேண்டும், புதிதாகப் பூட்டிய கியரும் கிளட்சும் உதிர்த்த துகள்கள் அதில்தான் தங்கியிருக்கும்.